பன் சங்கீதம்

அடுப்பிலிருந்து தட்டைப் பாதி இழுக்கும்போதே மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. முப்பது பன்னும் கருகியிருந்தன. மேலே மட்டும் என்றால் கத்தியால் சுரண்டிப் பார்க்கலாம். அடியும் பிடித்து, தட்டைவிட்டு வரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருந்தன. புகை கொட்டகையின் தகரத்தில் முட்டிவிட்டு, கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் போனது. வீட்டின் முன்னறையில் மாமனாரைக் கிடத்தியிருந்தார்கள். காலை பதினொரு மணிக்குப் போன உயிர். இப்போது மணி இரண்டரை.

"அங்க என்ன புகை?" முன்னறையிலிருந்து நாத்தனார் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி."

பதினொரு வருஷமாக அந்த அடுப்பின் முன்னால் நிற்கிறாள். ஒரு தட்டு கருகி அவள் பார்த்ததே இல்லை. மழையில் விறகு ஈரமாகி அழுத நாளில்கூட இல்லை. மாமனார் படுக்கையில் விழுந்து, அவள் தனியாக அடுப்பைப் பார்த்துக்கொண்ட இந்த மூன்று மாதத்திலும் இல்லை. இன்றைக்குப் போய் இப்படி.

கருகிய தட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். அப்புறம் மேசையைப் பார்த்தாள். இன்னும் மூன்று தட்டு, பொங்கி, உருண்டு, ஈரத்துணிக்குக் கீழே காத்திருந்தன. எதிர்த்தெரு நோயாளிகள் இல்லத்தில் அறுபது பேர். நாலு மணிக்கு ஆளுக்கொரு பன், பாலில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். பாதிப் பேருக்குப் பல் கிடையாது. அந்த நாலு மணித் தட்டு இருபத்தாறு வருஷத்தில் ஒருநாளும் தவறியதில்லை. அறுபது பேருக்கு இரண்டு தட்டு. மற்ற இரண்டு கடைக்கு. கடை இன்றைக்குக் கிடையாது. ஆக, ஒரு தட்டு போனதால் குடி முழுகிவிடவில்லை.

ஆனால் ஏன் கருகியது என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை. பாட்டை அவள் முழுசாகத்தான் பாடினாள். முன்னறைக்குக் கேட்காமல், வாய்க்குள்ளேயே, மூன்று தரம், ஒரு வசனம்கூட விடாமல்.

அந்தக் கொட்டகையில் கடிகாரம் கிடையாது. மாவுத்தூள் ஏறி இரண்டு கடிகாரம் நின்றுபோனதும், மூன்றாவது வாங்க மாமனார் மறுத்துவிட்டார். 'எனக்கு இருக்கிற கடிகாரம் போதும்' என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினாராம். அவருடைய கடிகாரம் பைபிளில் வருகிற சங்கீதம். மொத்தம் மூன்று. உலகத்தையே சந்தோஷமாகச் சத்தம் போடச் சொல்கிற, ஐந்தே வசனம் உள்ள சின்னது மூன்று தரம் பாடினால் பன். மரத்தையும் கடலையும்கூட ஆர்ப்பரிக்கச் சொல்கிற கொஞ்சம் பெரியது நாலு தரம் பாடினால் ரொட்டி. தாளமும் எக்காளமும் வருகிற கடைசிச் சங்கீதம் ரஸ்க்குக்கு. மெட்டு அவரே போட்டுக்கொண்டது. அதை மெட்டு என்று சொல்வதற்கும் ஒரு தாராள மனசு வேண்டும். வரிக்கு வரி வலது காலால் தரையைத் தட்டுவார். கடைசி வரி முடிந்ததும் இரண்டு தட்டு. உடனே அடுப்புக் கதவு திறக்க வேண்டும்.

வீட்டில் எவருக்கும் அவற்றின் எண் தெரியாது. பன் சங்கீதம், ரொட்டி சங்கீதம், ரஸ்க் சங்கீதம், அவ்வளவுதான். நாத்தனார் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஞாயிறு வகுப்பில் மனப்பாடமாய்த் தெரிந்த சங்கீதம் எது என்று கேட்டதற்கு, "ரஸ்க் சங்கீதம் டீச்சர்" என்று சொல்லி மண்டையில் குட்டு வாங்கியவள். அந்தக் குட்டு வேலை செய்தது. இப்போது அவள் தன் சபையில் பாடகர் குழுவை நடத்துகிறாள். எந்தப் பாட்டையும் ஆற அமரப் பாடவைக்கிறாள்.

மாமனார் சபையிலும் அடுப்படி வேகத்தில்தான் பாடுவார். மற்றவர்கள் இரண்டாம் வசனத்தில் இருக்கும்போது இவர் முடித்துவிட்டு உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார். அதனால் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். போதகர் ஒருநாள் தனியே கூப்பிட்டு, "கொஞ்சம் நிதானமா பாடலாமே ஐயா" என்றாராம். "நிதானமா பாடினா கருகிடும் ஐயா" என்று இவர் சொன்னாராம். போதகருக்கு அதில் என்ன அர்த்தம் தோன்றியதோ, அப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மருமகளுக்குச் சாமி விஷயத்தில் பெரிய பிடிப்பு கிடையாது. கல்யாணத்துக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அடுப்படிக்கு வந்த முதல் வாரமே அதை மாமனாரிடம் சொல்லிவிட்டாள். "பரவால்லம்மா, வேகத்த மட்டும் விட்டுடாத" என்றார் அவர். அவளும் விடவில்லை. அவளுக்கு அது நேரம் பார்க்கிற வழி. அதற்கு மேல் அந்தப் பாட்டில் அவள் காது கொடுத்ததில்லை. கொடுக்க விரும்பாததற்கு வேறொரு காரணமும் இருந்தது.

புருஷன் பின்பக்கமாக வந்தான். மின்வாரியத்தில் மீட்டர் அளவு எடுக்கிற வேலை. கண்கள் சிவந்திருந்தன. சுவரோரத் தட்டைப் பார்த்தான்.

"இன்னிக்கு எதுக்கு இதெல்லாம்? நான் போய் இல்லத்துல சொல்லிட்டு வரேன். ஒருநாள் கஞ்சி குடிச்சுக்குவாங்க. அவங்களுக்குத் தெரியாதா என்ன?"

"வேணாங்க."

"ஏன் வேணாம்?"

"காலையில கேட்டாருங்க. மாவு பொங்கிடுச்சான்னு. பொங்கிடுச்சு மாமான்னேன். சரின்னாரு. அதுக்கப்புறம் அவரு பேசவே இல்ல."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் அது பாதி. மீதியை அவனிடம் சொல்ல முடியாது.

ஏழு வருஷத்துக்கு முன் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒன்றரை நாள் இருந்தது. பெயர்கூட வைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு ஒரு மத்தியானம் திரும்பி வந்து, அடுப்புச் சுவரை ஒட்டிய சின்ன அறையில் படுத்தாள். மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு ஆரம்பித்தது. பன் சங்கீதம். அதே வேகம், அதே கால் தட்டு, ஊரையே கூப்பிடுகிற அதே சத்தம். தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டாள். சுவர் வழியாகத் தாளம் முதுகில் ஏறியது. மூன்று தரமும் கேட்டாள். இந்த மனுஷனுக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா என்று அன்றைக்கு நினைத்தது, பிறகு நாற்பது நாள் கழித்து எழுந்து அதே அடுப்பின் முன் அவரோடு நின்றபோதும் போகவில்லை. மாமா நல்லவர்தான். அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் அன்றைக்கு ஒருநாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இதை அவள் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. ஏழு வருஷம்.

இன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டால், அன்றைக்கும் அணைத்திருக்கலாம் என்று ஆகிவிடும். அணைக்காமல் இருந்தால், அவர் செய்தது சரி என்று ஆகிவிடும். இரண்டில் எதை நிரூபிக்க நிற்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் நின்றாள்.

"சரி. அப்ப இந்த போன்ல நேரம் வச்சுக்க" என்றான் அவன். "எத்தன நிமிஷம்?"

"என்ன எத்தன நிமிஷம்?"

"பன் வேக எத்தன நிமிஷம்?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். நாற்பது வருஷமாக ரொட்டி சுடுகிற வீடு. ஊருக்கெல்லாம் யூனிட் கணக்கு எழுதுகிறவன் அதில் பிறந்து வளர்ந்தவன். பன் வேக எத்தனை நிமிஷம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

"மூணு தரம்" என்றாள் அவள்.

"மூணு தரம்னா எத்தன நிமிஷம்னு கேக்கறேன்."

"தெரியலைங்க."

"நல்லா இருக்கு போ. பாடு, பாத்துடலாம்."

மாவு டப்பாவின் மேல் போனை வைத்து எண்களை ஓடவிட்டான். அவள் வாய்க்குள் பாடினாள். ஒரு தரம் முடிய நாலேகால் நிமிஷம் ஆனது. மூன்றால் பெருக்கினான். ஏறத்தாழ பதின்மூன்று.

"இந்தக் கணக்குலதானே இப்பக் கருகுச்சு?"

"ஆமா."

"அப்பா பாடினா இதுல பாதி நேரம்தான் இருக்கும். ஆறுன்னு வச்சுப் பாரு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று மாதமாக அவள் பாடியது தன் வேகத்தில் இல்லை. மாமனார் தன் கட்டிலை அந்தச் சின்ன அறையில், அடுப்புச் சுவரோடு ஒட்டிப் போடச் சொல்லியிருந்தார். சூடு இதமாக இருக்கிறது என்று காரணம் சொன்னார். அவள் பாட ஆரம்பித்ததும் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து மோதிர விரலால் டக், டக் என்று தட்டுவார். அவள் பாட்டு பின்தங்கினால் தட்டு முந்தும். போன வாரம் கை வலுவிழந்து, காதைச் சுவரில் வைத்தால்தான் கேட்டது. ஆனாலும் கேட்டது. இன்றைக்கு இல்லை. அவள் இழுத்துக்கொண்டே போயிருக்கிறாள், தட்டிச் சொல்ல ஆள் இல்லாமல்.

வேறு நாளாக இருந்தால் மூக்காவது சொல்லியிருக்கும். பன் வெந்த வாசமும் கருகப் போகிற வாசமும் அவளுக்கு அத்துப்படி. காலையிலிருந்து அழுததில் மூக்கு இறுக அடைத்துக் கிடந்தது. அடுப்புக்கு இரும்புக் கதவு. திறந்து எட்டிப் பார்த்தால் சூடு இறங்கி பன் அமுங்கிவிடும்.

இரண்டாவது தட்டை உள்ளே தள்ளினாள். புருஷன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆறு நிமிஷம் ஆனதும், "எடு" என்றான். எடுத்தாள். முப்பதும் வெளுத்துப்போய், வெளிக்காற்று பட்டதும் ஒவ்வொன்றாக நடுவில் குழிந்தன. ஒன்றைப் பிய்த்துப் பார்த்தாள். உள்ளே பச்சை மாவு பசையாக விரலில் ஒட்டியது.

"ஆறுக்கும் பதின்மூணுக்கும் நடுவுலதான் இருக்கு" என்றான் அவன். "ஒன்பது வச்சுப் பாப்போமா?"

"ரெண்டே தட்டுதாங்க இருக்கு. ரெண்டும் வேணும். வச்சுப் பாக்கறதுக்கு மாவு இல்ல."

முன்னறையில் யாரோ வந்த சத்தம் கேட்டு அவன் போனை டப்பா மேலேயே வைத்துவிட்டுப் போனான். நாத்தனார் அங்கே ஒரு பாட்டைத் தொடங்கியிருந்தாள். நல்ல குரல். ஒவ்வொரு வரியும் எழுந்து, நின்று, யோசித்து, அப்புறம் இறங்கியது. மற்றப் பெண்கள் கூடச் சேர்ந்து பாடினார்கள். சாவு வீட்டுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

மருமகள் மாவு மூட்டை மேல் உட்கார்ந்தாள். மணி மூன்றைத் தாண்டிவிட்டது. எழுந்து போய் இல்லத்தில் சொல்லிவிடலாம் என்று முதல் தடவையாக நினைத்தாள். அப்படி நினைத்ததும் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

வீட்டுக் கதவு திறந்து அத்தை, அவள் மாமியார், உள்ளே வந்தாள். காலை பதினொரு மணியிலிருந்து இறந்தவரின் தலைமாட்டில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தவள். யார் வந்து கையைப் பிடித்தாலும் தலையை மட்டும் ஆட்டினாள். இப்போது கொட்டகையில் நின்று, மளிகைச் சாமானைச் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சுவரோரத் தட்டு. மேசை மேல் அமுங்கிய தட்டு. துணிக்குக் கீழே இரண்டு.

"எத்தன போச்சு?"

"ரெண்டு அத்தை." சுவரோரத் தட்டைக் காட்டினாள். "இந்த அடுப்புல ஒரு தட்டு கருகி நான் பாத்ததே இல்ல. இன்னிக்குப் பாத்து இப்படி ஆகுது."

"நீ பாத்ததில்ல" என்றாள் அத்தை.

மேசை விளிம்பில் ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டினாள். "அன்னிக்கும் ரெண்டுதான்."

"என்னிக்கு?"

அத்தை சின்ன அறைச் சுவரைக் கையால் காட்டினாள். "நீ ஆஸ்பத்திரியிலேருந்து வந்து அங்க படுத்திருந்தியே, அன்னிக்கு."

மருமகள் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"மொதத் தட்ட உள்ள தள்ளிட்டுப் பாட வாயத் தொறந்தாரு. சத்தமே வரல. அடுப்பப் பாத்துக்கிட்டே நின்னாரு. கருகிப்போச்சு. ரெண்டாவதப் போட்டுட்டுப் பாடினாரு. இழுத்து இழுத்து. எனக்கே கேக்க முடியல. அதுவும் போச்சு. கருகின வாசம் உனக்கு வந்துடக் கூடாதுன்னு ஒரு சாக்க நனைச்சு இந்தக் கதவிடுக்குல திணிச்சாரு. பின்கதவ விரியத் தொறந்து விட்டாரு. ரெண்டு தட்டு பன்னையும் வேலியோரமா குழி தோண்டிப் பொதைச்சுட்டு, கையக் கழுவிட்டு வந்து மூணாவதப் போட்டாரு."

"மூணாவது..."

"மூணாவதுதான் நீ கேட்டது."

நாத்தனாரின் பாட்டு ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போனது.

"கண்ணுலேருந்து தண்ணி கொட்டுது. மூக்கு ஒழுகுது. காலத் தட்டித் தட்டி அந்தப் பாட்டப் பாடறாரு. பைத்தியம் பிடிச்சுடுச்சோன்னு பயந்துட்டேன். முடிச்சதும் கேட்டேன், ஏன்யா, மனசுல ஒரு துளி சந்தோஷம் இல்லாம இப்படிப் பாடறியே, சாமி ஏத்துக்குமான்னு. சந்தோஷமா பாடுன்னுதான் எழுதியிருக்கு, சந்தோஷம் வந்தப்புறம் பாடுன்னு எழுதல அப்படின்னாரு. சொல்லிட்டு என் முந்தானையிலேயே மூக்கச் சிந்தினாரு."

அத்தையின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

"ஏன் அத்தை என்கிட்ட சொல்லல? ஏழு வருஷம்..."

"சொல்றேன்னுதான் சொன்னேன். விடல. அந்தப் பொண்ணு என்மேல கோவமா இருக்கா, இருந்துட்டுப் போகட்டும், கோவத்துலயாவது எழுந்து நடக்கறாள்ல அப்படின்னாரு."

மருமகள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவர் உயிரோடு இருந்த இன்று காலை வரைக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுகிற தூரத்தில் இருந்த வரைக்கும், கேட்டிருக்கலாம். கையில் ஒட்டிய மாவு கன்னத்தில் ஒட்டிக் காய்ந்தது. அத்தை அவள் அழுது முடிக்கட்டும் என்று நிற்கவில்லை. மூன்றாவது தட்டின் மேலிருந்த துணியை எடுத்து உதறி மடித்தாள்.

"மாவு ரொம்பப் பொங்கிடப் போவுது. எழுந்திரு."

எழுந்தாள். அடுப்புக்குள் கையைக் காட்டிச் சூடு பார்த்தாள். தட்டைத் தள்ளினாள். இரும்புக் கதவை மூடிக் கொக்கியைப் போட்டாள்.

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. முன்னறைப் பாட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் மனசுக்குள் ஆரம்பித்த முதல் வரியும் அதன் பின்னாலேயே இழுபட்டுப் போயிற்று. தலையைச் சிலுப்பிக்கொண்டாள். வலது காலைத் தூக்கித் தரையில் ஒரு தட்டு தட்டினாள். மறுபடி தட்டினாள். மூன்றாம் முறை தட்டியதும் பாட்டு வந்துவிட்டது.

வாய்க்குள் பாடினால் அந்த வேகம் வராது என்பது முதல் வசனத்திலேயே தெரிந்தது. அது வாய்விட்டுப் பாடவேண்டிய பாட்டு. குரலை எடுத்தாள். மூக்கு அடைத்த குரல், கட்டைக் குரல். தகரக் கூரை அதிர்ந்து திருப்பிக் கொடுத்தது. உலகத்தில் இருக்கிற எல்லாரையும் வா வா என்று கூப்பிட்டாள். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை, கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. சந்தோஷம் வந்ததா என்றால் வரவில்லை. வேகம் வந்தது.

அத்தை போய் வீட்டுக் கதவை விரியத் திறந்து, ஆடாமல் இருக்க ஒரு விறகுக் கட்டையை முட்டுக் கொடுத்தாள். அங்கிருந்து பார்த்தால் நடு அறையைத் தாண்டி, வெள்ளைத் துணிக்கு வெளியே மாமனாரின் இரண்டு பாதங்கள் தெரிந்தன. முன்னறைப் பாட்டு தடுமாறி நின்றது.

நாத்தனார் விடுவிடுவென்று வந்தாள்.

"என்ன இது அநியாயம்! எங்கப்பா அங்க கிடக்கறாரு, இங்க கல்யாணப் பாட்டா? வந்தவங்க என்ன நினைப்பாங்க? உனக்குக் கொஞ்சமாவது..."

மருமகள் நிறுத்தவில்லை. இரண்டாம் தரம் நடந்துகொண்டிருந்தது. நிறுத்தினால் கணக்குப் போய்விடும். நாத்தனாரை நேராகப் பார்த்துக்கொண்டே பாடினாள்.

"அடுப்புல தட்டு இருக்கு" என்றாள் அத்தை. "பேச்சுக் குடுக்காத."

அந்த வீட்டுப் பிள்ளைகள் நடக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே கற்றுக்கொண்ட சட்டம் அது. தட்டு உள்ளே இருக்கும்போது பாடுகிறவரிடம் பேசக் கூடாது. வீடே பற்றி எரிந்தாலும் அடுத்தவரிடம்தான் சொல்ல வேண்டும். நாத்தனாரின் வாய் தானாக மூடிக்கொண்டது. கோபம் மட்டும் முகத்தில் மிச்சமிருக்க, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

மூன்றாம் தரம் ஆரம்பித்தது. மருமகளுக்கு மூச்சு வாங்கியது. நடு வசனத்தில் ஒரு வார்த்தை உடைந்தது. காலைத் தட்டி அதைத் தாண்டினாள். நாத்தனார் அடுப்பைப் பார்த்தாள். பிறகு ஆணியில் தொங்கிய தடித்த சாக்குத்துணியைப் பார்த்தாள். போய் அதை எடுத்து, இரண்டாக மடித்து, வலது கையில் சுற்றிக்கொண்டு அடுப்புக் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த சாயங்காலங்களில் அதுதான் அவள் வேலை. அப்பா பாடுவார், இரண்டு தட்டு கேட்டதும் இவள் கொக்கியைத் தூக்க வேண்டும். முந்தினாலும் திட்டு, பிந்தினாலும் திட்டு.

கடைசி வரி முடிந்தது. மருமகள் காலால் இரண்டு முறை தட்டினாள். இரண்டாவது தட்டும் கொக்கி தூக்குகிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

தட்டை இழுத்தாள். முப்பதும் ஒரே நிறத்தில் இருந்தன. அத்தை ஒன்றை எடுத்து, சூட்டைப் பொருட்படுத்தாமல் அடியில் விரலால் சுண்டிப் பார்த்தாள்.

"ம்" என்றாள்.

நாத்தனார் அந்த பன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் சுற்றிய சாக்குத்துணியை அவிழ்க்கவில்லை. "அப்பா இவ்வளவு வேகமாவா பாடுவாரு?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். காலையிலிருந்து அத்தனை பாட்டு பாடியவள், அழுதது அப்போதுதான்.

சத்தம் நின்றதைக் கேட்டுப் புருஷன் வாசலில் வந்து நின்றான். தட்டைப் பார்த்தான். பிறகு மாவு டப்பா மேலிருந்த போனை எட்டி எடுத்தான். திரை இருண்டு, அதன் மேல் மாவு படிந்திருந்தது.

"எத்தன நிமிஷம் ஆச்சு?"

"பாக்கலைங்க" என்றாள்.

"பாத்திருந்தா நாளைக்கு உதவும்ல?"

அவள் பன்களைக் கூடையில் அடுக்கி, வெள்ளைத் துணி போட்டு மூடி அவன் கையில் கொடுத்தாள். "இத முதல்ல கொண்டு போங்க. மீதி முப்பது பின்னாலயே வருதுன்னு சொல்லுங்க. பல்லில்லாதவங்களுக்கு முதல்ல குடுக்கச் சொல்லுங்க."

அவன் கூடையோடு பின்வாசல் வழியாகத் தெருவுக்குப் போனான். அத்தை திரும்பிப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கதவுக்கு முட்டுக் கொடுத்த விறகுக் கட்டையை அவள் எடுக்கவில்லை. நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

மருமகள் நாலாவது தட்டை உள்ளே தள்ளிக் கதவை மூடினாள். பழக்க தோஷத்தில் சின்ன அறைச் சுவரில் காதை வைத்தாள். சுவர் இன்னும் சூடாக இருந்தது. பிறகு காதை எடுத்துவிட்டு, மோதிர விரலை மடக்கி, சுவரில் டக், டக் என்று தானே தட்டிப் பாட ஆரம்பித்தாள்.